மைக் புஷ்பத்தின் இடது காதுப் பனி

உடைமரவிளைக்குப் பனி வந்தது பங்குனி மாசம், வெயில் மண்டையைப் பொளக்குற நேரத்துல, ரத்தினபுஷ்பத்தோட இடது காது வழியா. ஆச்சரியப்பட இதுல ஒண்ணும் இல்ல, ஊர்க்காரங்களும் ஆச்சரியப்படல. தேரிக்காட்டுச் செம்மண்ணுல, உடைமரத்துக்கும் பனைமரத்துக்கும் நடுவுல, செருப்பில்லாம தெருவுல கால் வைக்க முடியாம கெடக்குற ஊருக்கு எந்த வழியா குளிர்ச்சி வந்தா என்ன, வந்தா சரிதான்னு எடுத்துக்கிட்டாங்க.

அன்னைக்குக் காலையில புஷ்பம் வழக்கம்போல வலிப்பு மாத்திரையை முழுங்கி, அதுக்கு மேல ஒரு செம்பு தண்ணியும் குடிச்சிட்டு, கல்லுல தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து தின்னுக்கிட்டிருந்த அவ புருசன் சுடலைக்கண்ணு தலையைத் தூக்கிப் பாத்தான்.

"ஏட்டி, உன் காதுல என்னமோ பொகையுது."

"அடுப்புப் பொகையா இருக்கும். தின்னுங்க."

"கேஸ் அடுப்புல எங்கேட்டி பொகை வரும்?"

எட்டித் தொட்டுப் பாத்தான். ஐஸ்பெட்டியைத் திறந்து கையை விட்ட மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு. வெள்ளை வெளேர்னு அது தோள்ல இறங்கி, தோசைக்கல்லைத் தாண்டி, அடுக்களை வாசலைத் தாண்டி, முத்தத்துல மேஞ்ச கோழிகளை மூடி, காம்பவுண்டு சுவர் ஏறித் தெருவுக்குப் போயிருச்சு. சுடலைக்கண்ணு மிச்சத் தோசையைத் தின்னு முடிச்சிட்டு, துண்டை எடுத்துக் காதோட சேத்துக் கட்டினான். அவ காதை இல்ல, தன்னோட காதை. குளிருதாம்.

இந்தப் புஷ்பம் யாருன்னு முதல்ல சொல்லிருதேன். அந்தச் சுத்துவட்டாரத்துல கபடிப் போட்டி நடக்குதுன்னா மைக்கைப் பிடிச்சு வர்ணனை பண்றது அவதான், மைக் புஷ்பம்னாதான் ஆளைத் தெரியும். ஒரு பொம்பளை மைக்கைப் பிடிச்சுக் கபடிக்கு வர்ணனை பண்ணுவாளான்னு கேக்காதீங்க, பண்ணினா. "வாரான் பாருங்க வடக்குத் தெரு சிங்கக்குட்டி, வலது மூலையில வலை விரிச்சு நிக்குது ஒரு கூட்டம், தொட்டுட்டுத் திரும்புவானா தோளோடு மாட்டுவானா, தொட்டான், தொட்டான், கோட்டைத் தொட்டான்!"னு அவ ஒரே மூச்சுல சொல்லி முடிக்கும்போது, ஆடுறவனை விட்டுட்டு ஊரே அவ வாயைத்தான் பாத்துக்கிட்டு நிக்கும். சவுண்ட் சர்வீஸ் வச்சிருந்த சுடலைக்கண்ணு மைக் செட்டு கட்ட வந்தவன், அவ பேச்சைக் கேட்டுட்டு, செட்டைக் கழட்டிக்கிட்டுப் போக மனசில்லாம அவளையே கட்டிக்கிட்டான்.

பிறகு ஒரு வருசம் கோயில் கொடைத் திருவிழாவுல, இறுதி ஆட்டத்துல, மைக்கைக் கையில பிடிச்சபடியே கீழ விழுந்து வெட்டி வெட்டி இழுத்துச்சு அவளுக்கு. அதுலேர்ந்து காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. மாத்திரை ஒழுங்கா வேலை பாத்துச்சு, குத்தம் சொல்லக் கூடாது, அதுக்குப் பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரல. ஆனா வலிப்பைக் கட்டிப்போட்ட கையோட அது அவ வார்த்தைகளையும் எங்கயோ கொண்டு கட்டிப்போட்டிருச்சு. கடைக்குப் போவா, கடைக்காரர் "என்ன வேணும் மதினி?"ன்னு கேப்பாரு, அவ வாயைத் திறப்பா, உளுந்துங்கிற வார்த்தை இருந்த இடத்துல வெறுமே வெள்ளையா இருக்கும். "இருங்க, வரும்"பா. கடைக்காரர் அடுத்த ஆளைப் பாத்துருவாரு. அவ உளுந்து இல்லாம திரும்பி நடந்து, பாதித் தெருவுல "உளுந்து!"ன்னு கத்துவா, நாய் எந்திரிச்சு ஓடும்.

"தலைக்குள்ள மப்படிச்சுக் கெடக்கு"ன்னு அவ யாருகிட்ட சொன்னாலும் ஆளுக்கொரு பதில் வச்சிருந்தாங்க. எனக்கும்தான் மறதின்னு ஒருத்தி. வல்லாரையைத் துவையல் அரைச்சுத் தின்னுன்னு இன்னொருத்தி. வேலை செய்ய வலிக்குது, அதான் கோட்டி பிடிச்சவ மாதிரி நடிக்கான்னு மூணாவது ஒருத்தி. டாக்டரம்மா மட்டும்தான் நம்பினாங்க. "மாத்திரை பண்ற வேலைதான்மா. ஆனா நீங்களா நிறுத்திராதீங்க, விழுந்துருவீங்க. மெதுவா வேற மருந்து மாத்திப் பாக்கலாம்"னாங்க. மாத்திப் பாத்ததும் உண்டு. ஒண்ணுல உடம்பெல்லாம் தடிச்சுச்சு, ஒண்ணுல சோறே இறங்கல, பழைய மாத்திரைக்கே திரும்பி வந்தாச்சு.

உளுந்தும் சீரகமும் போனா போகுது. மக பேரு போனதுதான் அவளால தாங்க முடியல. அவளுக்கு ஒரே மக, இசக்கிப்பிரியா, கபடியில கோட்டைத் தாண்டிப் பாடப் போனா எதிராளுக பின்னால நகந்துருவாங்க. ஜில்லா அளவுல ஜெயிச்சு மேடையில கோப்பை வாங்குனப்போ, பக்கத்துல நின்ன புஷ்பத்துக்கிட்ட ஒரு பெரிய மனுசர் மைக்கை நீட்டி, "பெத்தவங்க வாயால பொண்ணு பேரைச் சொல்லுங்கம்மா"ன்னாரு. அவ வாயைத் திறந்தா. வெள்ளை. பத்து மாசம் சுமந்து பெத்த பிள்ளை பேரு வரல. கூட்டம் சிரிச்சுச்சு. பிரியா டக்குனு குனிஞ்சு மைக்குல "இசக்கிப்பிரியா சார்"னு தானே சொல்லிட்டு, அம்மா தோள்ல கையைப் போட்டுக்கிட்டா. வீட்டுக்கு வந்தும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாலாவது புஷ்பம் அழுதிருப்பா.

இந்த நிலைமையிலதான் காதுல பனி இறங்கினது. இறங்கின அன்னைக்கே, மத்தியானத்துக்குள்ள, உடைமரவிளையில ஸ்வெட்டர் வெளிய வந்துருச்சு. பம்பாய்ல மிட்டாய்க் கடை வச்சிருந்து திரும்பின ஆளுங்க பெட்டி அடியில கெடந்த ஸ்வெட்டர், மப்ளர், யாருக்கோ பரிசா வந்து பிரிக்காம வச்சிருந்த குரங்குக் குல்லா எல்லாத்தையும் எடுத்து மாட்டிக்கிட்டு, வாயில புகை விட்டு விட்டுப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு, நடு வெயில் மாசத்துல ஊரே தெருவுல உலாத்துச்சு. டீக்கடைக்காரர் பெஞ்சை வெளிய போட்டு, சுக்குக் காப்பிக்கு 'மலைக் காப்பி'ன்னு பேரை மாத்தினாரு. பக்கத்து ஊர்லேர்ந்து புதுசாக் கல்யாணம் ஆன ஜோடிகள் போட்டோக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்து, புஷ்பம் வீட்டு முருங்கை மரத்தடியில கையைக் கோத்துக்கிட்டு நின்னாங்க. அவங்களுக்கு ஊட்டியும் அதுதான், கொடைக்கானலும் அதுதான்.

வத்தல் போடுறவங்களுக்குத்தான் வயித்தெரிச்சல். மொளகா காயல, கூழ்வத்தல் காயல, கருப்பட்டி கசிஞ்சு ஒழுகுது. கோயில்ல கூட்டம் போட்டாங்க, ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு தொண்டை கிழியக் கத்தினாங்க, கடைசியில ஊர்த்தலைவர் எந்திரிச்சு, காத்து வடக்கேருந்து அடிக்கிற நாள்ல புஷ்பம் ஜன்னலைத் தெக்கே திறந்துக்கிடணும், வத்தலை வடக்குத் தெருவுல காயப்போடணும்னு தீர்ப்புச் சொன்னாரு. எல்லாருக்கும் சம்மதம். மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமேன்னு யாரோ இழுத்ததுக்கு மட்டும், "ஏல, வாயைக் கழுவு"ன்னு மொத்தக் கோயிலும் எகிறிருச்சு.

இது வரைக்கும் குளிர்ச்சி. அடுத்து நடந்ததுதான் கூத்து. அந்தப் பனிக்குள்ள போற ஆளுக்கெல்லாம் வார்த்தை காணாமப் போச்சு.

முதல்ல மாட்டுனது இட்லிக்கடை கிரேனாபாயி. புஷ்பத்துக்கு அடுத்த வீடு, நடிக்கான்னு சொன்ன அந்த மூணாவது ஆளு இவதான். தண்ணிக் குழாயடியில குடத்தை நகத்துன விசயத்துல எதிர்வீட்டு அமராவதியோட சண்டை வலுத்து, சேலையை இழுத்துச் சொருகி, கையை நீட்டி, "ஏட்டி, நீ ஒரு..."ன்னு ஆரம்பிச்ச நேரம் பனி இறங்கிருச்சு. கிரேனாபாயி நீட்டுன கையோட நின்னா.

"ஏட்டி அமராவதி, உன்னைய என்னமோ சொல்ல வந்தேனே, என்னது?"

அமராவதியும் நின்னு யோசிச்சா. "கூறுகெட்டவன்னு சொல்ல வந்திருப்பியோ?"

"அது இல்ல, இன்னும் பெருசு."

"களவாணி?"

"ம்ஹூம். உங்க அப்பனையும் சேத்துச் சொல்லுதது."

"அது எனக்கும் வரலையே மதினி. சரி, குடத்தை வையி, வரும்போது சொல்லு."

ரெண்டு பேரும் குடத்து மேலயே உக்காந்து அந்த வசவைத் தேடித் தேடி, கடைசியில எதுக்கு உக்காந்திருக்கோம்னே மறந்துபோய், ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிவிட ஆரம்பிச்சிட்டாங்க. கோயில்ல பூசாரி மந்திரத்தைப் பாதியில விட்டுட்டு, "அம்மா தாயே, மிச்சம் உனக்கே தெரியும்"னு சூடத்தைக் காட்டினாரு, அம்மனும் ஒண்ணும் சொல்லல. டவுன் பஸ் டிரைவர் அடுத்த ஸ்டாப் எதுன்னு தெரியாம வண்டியை ஓரம் கட்ட, பயணிகளும் எங்க போகக் கிளம்பினோம்னு தெரியாம இறங்கி, மலைக் காப்பி குடிச்சிட்டு, வந்ததே இதுக்குத்தான்னு முடிவு பண்ணித் திரும்பிப் போனாங்க. வெளிய வந்து கொஞ்ச தூரம் நடந்தா வார்த்தை தானா திரும்பிரும், அதனால யாரும் கவலைப்படல. உடைமரவிளையில அந்தச் சித்திரை மாசம் பூராவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து "அது இருக்குல்லா அது, அதான் அது"ன்னு கையை ஆட்டி ஆட்டிச் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க.

ஒருநாள் கிரேனாபாயி ஒரு தூக்குல சாம்பாரோட புஷ்பம் வீட்டு வாசல்ல வந்து நின்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"புஷ்பம், என் தங்கச்சி பேரு காலையில எனக்கு வரல. கால் மணி நேரம்தான், வந்துருச்சு. ஆனா உசுரே போயிருச்சு எனக்கு. நீ இத்தனை வருசம் இதுக்குள்ளயா கெடந்தே?"

"ஆமா மதினி."

"நான் உன்னைய நடிக்கான்னு சொன்னேனே, பாவி."

"அந்தச் சவத்துப் பேச்சை விடுங்க. சாம்பாரைக் கொண்டாங்க, ஆறிரும்."

அன்னைக்கு ராத்திரி புஷ்பம் நல்லாத் தூங்கினா. பிறகு ஊருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துச்சு. யாருக்காவது வார்த்தை நின்னு போனா, "இருங்க, வரும்"னு அவ சொல்றதையே சொல்லுவாங்க, எதிர்ல நிக்கிற ஆளு எவ்வளவு அவசரமா இருந்தாலும் நிப்பாரு. கடைக்காரர்கூட நின்னாரு. உளுந்துக்கு.

வைகாசி வந்துச்சு, கோயில் கொடை வந்துச்சு, கூடவே கபடியும். வெயிலுக்குப் பயந்து ராத்திரி லைட் போட்டு ஆடுற ஆட்டத்தை, இந்த வருசம் பனியை நம்பிப் பட்டப்பகல்ல வச்சாங்க. பொண்ணுங்க ஆட்டமும் உண்டு. பிரியாவுக்கு விளையாட்டுக் கோட்டாவுல ரயில்வே வேலை கெடச்சாச்சு, அடுத்த வாரம் வடக்கே ரயில் ஏறணும், சொந்த மண்ணுல அவ ஆடுற கடைசி ஆட்டம் இது. மைக்குக்கு வெளியூர்லேர்ந்து 'தேன்குரல்' ஞானதுரைன்னு ஒருத்தரைப் பேசி முடிச்சிருந்தாங்க. புஷ்பத்துக்கு ஒரே ஒரு ஆசைதான். அவ மைக்கைப் பிடிச்ச காலத்துல மக கபடிக்கு வரல, மக கபடிக்கு வந்த காலத்துல அவ கையில மைக்கு இல்ல. மக பேரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குழாய் ஸ்பீக்கர் அத்தனையிலயும் அதிர அதிரச் சொல்லணும். வேற எதுவும் வேண்டாம்.

அதனால கொடைக்கு முந்தின நாள் காலையில அவ மாத்திரையை வாயில போடல. முருங்கை மரத்தடி மூட்டுல தோண்டிப் புதைச்சிட்டா.

சாயங்காலத்துக்குள்ள தலைக்குள்ள கெடந்த மப்பு விலகிப் போச்சு. உளுந்து, சீரகம், கடுகு, பெருங்காயம், அவ பெரியப்பா மகளோட கொழுந்தன் பேரு, பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்தவ வச்சிருந்த ரிப்பன் கலரு, ஒவ்வொண்ணா ஓடி வந்து காலைச் சுத்திக்கிச்சு. அவ முத்தத்துல நின்னு "இசக்கிப்பிரியா, இசக்கிப்பிரியா"ன்னு கோழிகளுக்கு வர்ணனை பண்ணினா. சந்தோசம்னா அப்பிடி ஒரு சந்தோசம். இடது கை பெருவிரல் மட்டும் லேசாத் துடிச்சுச்சு. அவ அதைச் சேலைத் தலைப்புக்குள்ள மறைச்சுக்கிட்டா.

ஆனா எதை மறைச்சாலும் பனி வராததை மறைக்க முடியுமா? தெருவுல பளிச்சுனு வெயில். ஸ்வெட்டர் போட்டிருந்தவன் எல்லாம் வேர்த்து வழிஞ்சு நின்னான். கிரேனாபாயிதான் முதல்ல வந்தா, பின்னாலயே அமராவதி, டீக்கடைக்காரர், ஊர்த்தலைவர், பூசாரி, ஆளாளுக்கு ஒரு தம்ளர் தண்ணியோட. முத்தம் நிறைஞ்சுபோச்சு.

"புஷ்பம், மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"போட்டா பனி எங்கே?"

அவ்வளவுதான், அவளுக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ அத்தனை கோவமும். "உங்களுக்குப் பனி வேணும், எனக்கு வார்த்தை வேணும்! உங்களுக்கு நாளைக்கு நிழல்ல உக்காந்து கபடி பாக்கணும், எனக்கு என் மக பேரைச் சொல்லணும்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைய விடுங்க!"

டீக்கடைக்காரர் தண்ணியைத் தானே குடிச்சிட்டாரு. கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்த சுடலைக்கண்ணு, அவ சேலைத் தலைப்புக்குள்ள கையை விட்டு, அந்தத் துடிக்கிற பெருவிரலைப் பிடிச்சான்.

"அன்னைக்கு நீ விழுந்தப்போ மைக்கும் விழுந்துச்சு. கூ...ன்னு அது கத்துச்சு பாரு, அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகல புஷ்பம். ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் மைக்கைப் போடும்போது ஸ்பீக்கர் லேசா கூவுனாலும் எனக்குக் கை காலு ஓடாது. உன் காதுல பனி வரலைன்னு பாத்ததுலேர்ந்து அந்தச் சத்தம்தான் கேட்டுக்கிட்டு இருக்கு. நீ எதை வேணா மற. என் பேரைக்கூட மற. ஆனா இரு."

கபடி உடுப்போட வாசல்ல வந்து நின்ன பிரியா, அம்மாவைப் பாத்துச் சொன்னா: "என் பேரு எனக்கு மறக்காதும்மா. நான் பாத்துக்கிடுதேன்."

சுடலைக்கண்ணு நீட்டுன மாத்திரையைப் புஷ்பம் வாங்கி வாயில போட்டா. ஏழெட்டுத் தம்ளர் ஒரே நேரத்துல நீண்டுச்சு. அதுல கிரேனாபாயியோட தம்ளரை வாங்கிக் குடிச்சா. கொஞ்ச நேரத்துல இடது காது ஓரம் லேசா வெள்ளை கட்ட, ஊரே மூச்சை விட்டுச்சு. அவ மட்டும் அடுக்களைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதா.

மறுநாள் மைதானத்துல பனின்னா அப்பிடி ஒரு பனி. ஒரு நாள் நின்னதுக்கும் சேத்து வட்டி கட்டின மாதிரி இறங்குச்சு. காலையில நடந்த ஆம்பளைங்க ஆட்டத்துலயே கூத்து தொடங்கிருச்சு. பாடிப் போறவன் பாதியில கபடிங்கிற வார்த்தையை மறந்துருவான், மூச்சு விட்டா அவுட்டு, அதனால வாயில வந்ததைச் சொல்லுவான். ஒருத்தன் "புரோட்டா புரோட்டா புரோட்டா"ன்னுக்கிட்டே போயி நாலு பேரைத் தொட்டுட்டு வந்தான். இன்னொருத்தன் "சுகந்தி சுகந்தி"ன்னு பாடினான், சுகந்தியோட அப்பா கூட்டத்துலேர்ந்து எந்திரிச்சாரு, எதுக்கு எந்திரிச்சோம்னு மறந்து உக்காந்துட்டாரு. நடுவர் மட்டும் அசையல. அவரு வெளியூர் பி.டி. வாத்தியார் அருமைநாயகம், கறாரான ஆளு. தனக்கு மறந்துரக் கூடாதுன்னு உதட்டுக்குள்ளயே "கபடி கபடி"ன்னு முணுமுணுத்துக்கிட்டே சுத்தி வந்து, வார்த்தை மாறுனவன் எல்லாரையும் விசில் அடிச்சு வெளிய அனுப்பினாரு. "கபடின்னுதான் சொல்லணும். வேற எது வந்தாலும் அவுட்டு"ன்னாரு.

பொண்ணுங்க இறுதி ஆட்டம். எதிர்த்து ஆடுனது மேலக்கல்விளை. தேன்குரல் ஞானதுரை தொண்டையைக் கனைச்சு மைக்கைப் பிடிச்சாரு, பனி நேரா அவரு மேல இறங்குச்சு. "ஹலோ"ன்னாரு. "ஹலோ, மைக் டெஸ்டிங்"னாரு. பிறகு அதைத் தவிர வேற எதுவும் வரல. ஆட்டம் பாட்டுக்கு நடக்குது, ஒருத்தி ஒருத்தியைத் தூக்கி எறியுதா, அவரு வேர்க்க விறுவிறுக்க "மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங்"னு நிக்காரு. பாவம், அவருக்கு இது புதுசு. வார்த்தை காணலைன்னதும் அதே இடத்துல நின்னு தேடினாரு. புஷ்பம் இத்தனை வருசமா அதுக்குள்ள குடும்பம் நடத்துனவ, வார்த்தை இல்லைன்னா நிக்க மாட்டா, சுத்திக்கிட்டுப் போயிருவா. சுடலைக்கண்ணுக்கு அது தெரியும். அவன் ஞானதுரை கையிலேர்ந்து மைக்கை வாங்கி, கூட்டத்தைத் தாண்டி நடந்து வந்து, பொண்டாட்டி கையில குடுத்தான். குடுத்துட்டு, அவ விழுந்தா தாங்குற தூரத்துலயே நின்னுக்கிட்டான்.

அவ பிடிச்சா.

"இந்தா வாரா," புஷ்பம் ஆரம்பிச்சா, "பேரு வரல, ஆனா ஆளைத் தெரியும், பால்காரர் வீட்டு நடுப்பிள்ளை, பல்லு ரெண்டு முன்னால நிக்கும், அந்தப் பிள்ளை வாரா, எதுத்தாப்ல நிக்குதது அந்த... அதுல இட்லி அவிப்போமே, அது கணக்கா கால் ஊனி நிக்குதா, பிடிச்சிட்டா, இடுப்பைப் பிடிச்சிட்டா, விடாதட்டி, எங்க அத்தை சேலைத்துணியைப் பிழியுத மாதிரி பிழியுதா பாருங்க!" கூட்டம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அவ நின்ன இடத்துல எல்லாம் கூட்டம் வார்த்தை எடுத்துக் குடுத்துச்சு, கூட்டத்துக்கும் வராத இடத்துல "இருங்க, வரும்"னு அவ சொல்ல, மைதானமே "வரும், வரும்"னு திருப்பிச் சொல்லுச்சு. முன்ன மாதிரி ஒரே மூச்சுல இல்ல. விட்டு விட்டு, சுத்திச் சுத்தி, விழுந்து எந்திரிச்சு வந்த வர்ணனைதான், ஆனா அதுக்கு முன்னால அப்பிடி ஒரு வர்ணனையை அந்த ஊரு கேட்டதில்ல.

ரெண்டு பக்கமும் சமமா வந்து நின்னுச்சு. கடைசிப் பாட்டு. கோட்டைத் தாண்டிப் பிரியா போனா, பனிக்குள்ள ஆளு தெரியல, "கபடி கபடி"ன்னு குரல் மட்டும் கேட்டுச்சு.

"வாரா," புஷ்பம் சொன்னா. "யாரு வாரா தெரியுமா? என் வயித்துல பொறந்தவ. தலைகீழாப் பொறந்தவ. சோறு தின்னக் கூப்பிட்டா காத தூரம் ஓடுனவ. அடுத்த வாரம் எங்களை விட்டுட்டு ரயிலேறப் போறவ. என் ஒத்தப் பிள்ளை. அவ பேரு..."

வெள்ளை.

குழாய் ஸ்பீக்கர் எல்லாம் சும்மா 'ம்ம்ம்'னு இரைஞ்சுச்சு. அவ கூட்டத்தைப் பாத்தா. கூட்டம் உதட்டைக் கடிச்சுக்கிட்டு யோசிச்சுச்சு, கிரேனாபாயி தலையில அடிச்சுக்கிட்டா, சுடலைக்கண்ணு பெத்த பிள்ளை பேரைத் தேடி வானத்தைப் பாத்தான், ஒருத்தருக்கும் வரல. நடுவர் அருமைநாயகம்கூட ஆட்டத்துல சொக்கிப்போய், உதட்டுல முணுமுணுக்குறதை நிறுத்திட்டு வாயைப் பிளந்து பாத்துக்கிட்டு நின்னாரு.

பனிக்குள்ள பிரியாவுக்கு அது கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல அம்மா நின்னு போனது கேட்டுச்சு. வார்த்தை மாறுனா அவுட்டு, அவுட்டானா கோப்பை போச்சு, சொந்த மண்ணுல கடைசி ஆட்டம் போச்சு. அவளுக்கு அது எல்லாம் தெரியும்.

"கபடி கபடி கபடி இசக்கிப்பிரியா இசக்கிப்பிரியா இசக்கிப்பிரியா..."

மூச்சு விடாம வந்துச்சு அந்தக் குரல். கிட்ட வந்துச்சு, தூரப் போச்சு, யாரோ விழுந்த சத்தம், யாரோ கத்துன சத்தம், நடுவுல அறுந்து போகாம அந்தப் பேரு.

"இசக்கிப்பிரியா!" புஷ்பம் மைக்கைக் கிழிச்சா. "என் மக இசக்கிப்பிரியா! தொட்டுட்டா, ரெண்டு பேரைத் தொட்டுட்டா, காலைப் பிடிச்சு இழுக்காளுவ, இழுங்கட்டி இழுங்க, வரமாட்டா, அவ இசக்கிப்பிரியா, கோட்டைத் தொட்டுட்டா! இசக்கிப்பிரியா! இசக்கிப்பிரியா!" கொடைக்கு வந்த ஆடுகூடக் கயித்தை இழுத்துக்கிட்டுத் திரும்பிப் பாத்துச்சு.

செம்மண்ணு பூசுன மூஞ்சியோட பிரியா கோட்டு மேல குப்புறக் கெடந்து சிரிச்சா. மேலக்கல்விளை தலைவி ஓடி வந்தா.

"சார், அவ வார்த்தையை மாத்திட்டா! அவுட்டு சார்!"

"ஆமா," அருமைநாயகம் விசிலை வாய்க்குக் கொண்டு போனாரு. "மாத்திட்டா. சொல்ல வேண்டியது அது இல்ல. சொல்ல வேண்டியது வந்து..." விசில் பாதியில நின்னுச்சு. "என்ன வார்த்தைம்மா அது?"

"அதான் சார், மூச்சு விடாம சொல்லுவோமே..." அவ தன் பிள்ளைகளைத் திரும்பிப் பாத்தா. அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. கூட்டம் கூட்டத்தைப் பாத்துச்சு. கடைசியில எல்லாரும், நடுவர் உட்பட, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்ன புஷ்பத்தைப் பாத்தாங்க.

"யம்மா, நீங்கதான் எத்தனையோ வருசம் வர்ணனை பண்ணினவங்க," அருமைநாயகம் கேட்டாரு. " என்ன வார்த்தை அது?"

புஷ்பத்துக்குத் தெரியும். பளிச்சுனு, கழுவி வச்ச தம்ளர் மாதிரி, நாக்கு நுனியில நின்னுச்சு. அவ மகளைப் பாத்தா, புருசனைப் பாத்தா, மைக்கை வாய்க்கிட்ட கொண்டு போனா. இடது காதுலேர்ந்து பனி சாவகாசமா இறங்கிக்கிட்டிருந்துச்சு.

"இருங்க," புஷ்பம் சொன்னா. "வரும்."